நினியன் லஸ்க் விதைத்த சோளம்

வழக்கு என்று வந்த பிறகு நினியன் லஸ்க் நிரூபிக்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். 1777ஆம் ஆண்டில், சிக்காமோர் ஓடைக் கரையில், அவன் மக்காச்சோளம் விதைத்து அறுத்தான் என்பது. நிரூபித்தால் நானூறு ஏக்கரும் அவனுக்கு. இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி மண்கூட இல்லை.

அந்தச் சோளத்தை அவன் மறந்ததே இல்லை. அப்போது அவனுக்கு வயது இருபத்தாறு. வர்ஜீனியாவிலிருந்து மலை தாண்டி கென்டக்கிக்கு வந்து ஒரு வருடம் முடியவில்லை. கூட்டாளி எலைஷா கிரீரும் அவனுமாக ஓடை வளையும் இடத்தில் மரங்களின் பட்டையைச் சுற்றிலும் செதுக்கி நின்ற நிலையிலேயே அவற்றைச் சாகவிட்டார்கள். இலை உதிர்ந்து வெயில் இறங்கிய இடத்தில் மண்வெட்டியால் குழி பறித்து, குழிக்கு நான்கு மணி வீதம் போட்டார்கள். ஏர் இல்லை, மாடு இல்லை. ஜூன் மாதத்தில் ஷானி என்ற பூர்வகுடி வீரர்கள் வந்தார்கள். தண்ணீர் மொள்ளக் குனிந்த எலைஷா குனிந்தபடியே ஓடையில் விழுந்தான். மற்றவர்களாக இருந்தால் ஒன்பது மைல் தள்ளியிருந்த மெக்ரே கோட்டைக்கு ஓடியிருப்பார்கள். நினியன் நண்பனைப் புதைத்தான், களைக்கொட்டை எடுத்துக்கொண்டான். சோளம் முழங்கால் உயரம் வந்திருந்தது, புல் அதைவிட உயரமாக இருந்தது. அன்று முதல் பொந்து விழுந்த ஒரு சிக்காமோர் மரத்துக்குள் படுத்துக்கொண்டு, அக்டோபர்வரை தனியாளாக அந்த இரண்டு ஏக்கரைக் காத்தான். கரடி தின்றது, அணில் தின்றது, காட்டெருமை மிதித்தது. மிச்சம் இரண்டு மூட்டை தேறியது. அதை முதுகில் சுமந்து இரண்டு நடையாகக் கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

இரண்டு வருடம் கழித்து வர்ஜீனியா அரசு ஒரு சட்டம் போட்டது. 1778 பிறப்பதற்குள் கென்டக்கியில் ஒரு போகம் சோளம் எடுத்தவர்களுக்கு நானூறு ஏக்கர் சொந்தம். அதற்கு முன் அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியவர்களைச் சட்டம் ஒன்றும் கேட்கவில்லை. நினியனும் அதைப்பற்றி யோசித்ததில்லை. குளிர்காலத்தில் நில உரிமையை விசாரிக்கும் கமிஷன்காரர்கள் கோட்டைக்கு வந்தார்கள். பைபிள்மீது கை வைத்து, சோளம் எடுத்தேன் என்று சத்தியம் செய்தான். சான்றிதழ் கொடுத்தார்கள். அதைத் தோல் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டபோது, இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தான்.

ஆனால் சர்வேயர் வந்து அளக்க நான்கு வருடம் ஆயிற்று. அளந்த தாள் ரிச்மண்டுக்குப் போய்ப் பட்டாவாகித் திரும்ப மேலும் இரண்டு வருடம். நடுவில், அந்த ஓடையைக் கண்ணால் பார்த்தே இராத கர்னல் ட்ரென்ட் என்ற பெரிய மனிதர் ரிச்மண்டில் உட்கார்ந்தபடியே அரசிடம் நில உரிமைக் காகிதம் வாங்கி, அதே ஓடையை அதே வளைவோடு அளக்க வைத்து, நினியனைவிட இரண்டு மாதம் முந்திப் பட்டா வாங்கிவிட்டார். இதெல்லாம் நினியனுக்குத் தெரியாது. அவன் கெசையாவைக் கல்யாணம் செய்தான், மரவீடு கட்டினான், ஐந்து பிள்ளைகள் பிறந்தன. மூன்றை வீட்டுக்குப் பின்னால் மேட்டில் புதைத்தார்கள். இரண்டு பெண்கள் வளர்ந்து, கட்டிக்கொண்டு, மேற்கே போய்விட்டார்கள். இரண்டு ஏக்கர் அறுபது ஏக்கராயிற்று. 1799இல்தான் கர்னலின் ஏஜெண்டு விட்லாக் குதிரையை வேலியில் கட்டிவிட்டு உள்ளே வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் காகிதத்தைக் காட்டினான்.

பட்டாவில் கர்னல் முந்தி. அதை வெல்ல வேண்டுமானால், அதற்கும் முந்தி 77இல் எடுத்த சோளம் வேண்டும். கர்னலின் தரப்போ, லஸ்க் அன்று கமிஷன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தான், அவன் சோளமே எடுக்கவில்லை என்றது.

முதலில் மூலை மரத்தைப் பார்த்தார்கள். 77இல் நினியன் நிலத்தின் மூலையில் நின்ற பீச் என்ற காட்டுமரத்தில் கோடரியால் மூன்று வெட்டு வெட்டி அடையாளம் வைத்திருந்தான். இரு தரப்பாரும் கூடி நிற்க, அந்த வெட்டுத் தழும்பின் மேல் வளர்ந்திருந்த மரத்தைத் துண்டாகப் பெயர்த்தெடுத்து, ஊசிமுனையால் வளையங்களை எண்ணினார்கள். இருபத்து மூன்று. வருடம் கணக்காக 1777க்குப் போய் நின்றது. கெசையா அன்று பன்றித்தொடை வேகவைத்தாள். மறுநாள் கர்னலின் வக்கீல் கோர்ட்டு வாசலிலேயே சொல்லிவிட்டார்: "மரத்துல மூணு வெட்டு வெட்டறது காலைல கஞ்சி குடிக்கறதுக்குள்ள முடியற வேலை. சட்டம் மரத்த கேக்கல, சோளத்த கேக்குது."

சோளத்தைப் பார்த்தவர்கள் யார்? எலைஷா மண்ணுக்குள். கோட்டையில் அன்று இருந்த ஆண்களில் பாதிப்பேர் அடுத்தடுத்த சண்டைகளில் போய்விட்டார்கள். மீதிப்பேர் நிலம் தேடி எங்கெங்கோ போய், உயிரோடு இருக்கிறார்களா என்று சொல்லவும் ஆளில்லை. ஒரே ஒருத்தி மிச்சம். ஹேகர். அன்று கோட்டையில் ஸ்ப்ரோல் குடும்பத்தின் அடிமையாக இருந்தாள்; இன்றும் அதே குடும்பத்தின் அடிமைதான். நினியன் ஸ்ப்ரோல் பண்ணைக்குப் போனபோது அவள் பின்கட்டில் சோப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ஹேகர், எழுபத்தேழுல, அக்டோபர் மாசம், நான் கோட்டைக்கு ரெண்டு மூட்டை சோளம் கொண்டாந்தேன். ஞாபகம் இருக்கா?"

"இல்லாம எங்க போகும்? இடிச்சது யாருன்னு நெனச்சீங்க ஐயா?" அவள் துடுப்பை நிறுத்தவில்லை. "சரியா காயாத சோளம். உரல்ல அப்பிக்கிட்டு என் உசிர எடுத்துச்சு. இந்தத் தோள்பட்டைய கேளுங்க, மழை வந்தா இன்னும் சொல்லும்."

நினியனின் முகம் மலர்ந்து அப்படியே வாடியது. "வக்கீல் பீக் கிட்ட கேட்டேன். உன் சாட்சி செல்லாதுங்கறாரு."

"அத கேக்கறதுக்கா வக்கீல்? என்கிட்ட வந்திருந்தா நானே சொல்லியிருப்பேனே." சிரித்தாள். "வெள்ளக்காரங்க வழக்குல எனக்கு வாயே கிடையாதுங்கய்யா. நான் பொய் சொல்லுவேன்னு பயமில்ல அவங்களுக்கு. உண்மைய சொல்லிடுவேன்னு பயம்."

அவன் கிளம்பத் திரும்பினான்.

"அந்தச் சோளத்துல எனக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

அவன் யோசித்தான். அவனுக்கு ஞாபகமில்லை.

"உமி," என்றாள் ஹேகர். "தள்ளி நில்லுங்க, காரம் தெறிக்கும்."

சரி, நானே கூண்டில் ஏறிச் சொல்கிறேன் என்று பீக்கிடம் போனான். பீக் முப்பது வயதுக்காரர், கெட்டிக்காரர், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், அன்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "மிஸ்டர் லஸ்க், வழக்குல ஆதாயம் இருக்கறவன் சாட்சி சொல்ல முடியாது. நீங்களும் முடியாது, கர்னலும் முடியாது. உங்க வாய்ல வர்ற ஒரு வார்த்தையும் ஜூரி காதுல விழக்கூடாதுன்னு சட்டம்."

"நான்தானய்யா விதைச்சேன். என்னத் தவிர வேற எவனுக்குத் தெரியும்?"

"அதனாலதான்." பீக் இறகுப் பேனாவைக் கடித்தபடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு சட்டென்று திரும்பினார். "அந்த வருஷம் யாருக்காவது கடிதம் எழுதினீங்களா?"

"எங்கம்மாவுக்கு எழுதினேன். கோட்டையிலேர்ந்து ஆள் கிளம்பறப்பல்லாம் கொடுத்தனுப்புவேன்."

"சோளத்தப் பத்தி எழுதினீங்களா?"

"எழுதாம இருப்பேனா? அந்த வருஷம் எனக்கு வேற என்ன நெனப்பு இருந்துது?"

அப்படித்தான் அவன் நம்பினான். இருபத்து நான்கு வருடத்துக்கு முன் பீப்பாய் மூடியின்மேல் வைத்துக் கிறுக்கிய வரிகளை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? பீக் மேசையைத் தட்டினார். சட்டம் வந்தது 79இல். 77இல் இப்படி ஒரு சட்டம் வரும் என்று சொர்க்கத்தில்கூடத் தெரியாது. ஆக, அன்று ஒருவன் தன் தாய்க்குச் சோளத்தைப் பற்றி எழுதியிருந்தால் அதில் பொய்க்கு வேலையே இல்லை. எந்த ஜூரியும் அதை நம்பும்.

அம்மா 78 பிப்ரவரியில் இறந்துவிட்டாள். வர்ஜீனியா வீட்டில் இருந்தது அக்கா டோர்கஸ். நினியன் அவளுக்கு எழுதினான்: '77இல் நான் அனுப்பிய கடிதங்கள் இருக்கின்றனவா? நில வழக்குக்கு அவை அவசியம்.' அதற்குமேல் எழுதவில்லை. மே மாதம் பதில் வந்தது. அம்மா ஒன்றையும் தொலைக்கவில்லை. ஏழு கடிதங்களும் அவளுடைய ஏப்ரன் நாடாவால் கட்டி மெழுகுவர்த்திப் பெட்டியில் இருக்கின்றன. தபாலை நம்ப முடியாது, நானே கொண்டுவருகிறேன். பீக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டோர்கஸின் பதிலையே நகலெடுத்து, 'இந்த ஏழு கடிதங்களை ஆதாரமாகத் தாக்கல் செய்வோம்' என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

செப்டம்பரில், கோர்ட்டு கூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் டோர்கஸ் வந்து சேர்ந்தாள். மலைக் கணவாய் வழியாகச் சரக்குக் குதிரைக்காரர்களோடு மூன்று வாரப் பயணம். ஐம்பத்தைந்து வயது, விதவை. குதிரையிலிருந்து இறக்கிவிட்டபோது கால் தரையில் பாவவில்லை. ஆனால் பெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை.

"என்னடா இப்படிக் கெழவனா போயிட்ட?" என்றாள் தம்பியைப் பார்த்து.

"நீ மட்டும் குமரியாவா வந்து எறங்கியிருக்க அக்கா?"

"வாய் மட்டும் வளர்ந்திருக்கு." அவன் கன்னத்தில் லேசாக அறைந்தாள், பிறகு அந்தக் கையை எடுக்காமல் வைத்துக்கொண்டு அழுதாள்.

சாப்பிடும்போது முழுக்க அவள்தான் பேசினாள். கெசையாவின் சோள ரொட்டியைப் பாராட்டினாள், உப்பு கொஞ்சம் தூக்கல் என்றும் சொன்னாள். "அம்மாவுக்குக் கடைசில எதுவும் எறங்கல. ஆனா உன் கடிதம் தலைமாட்டுலயே இருந்துது நினியன். ஆகஸ்ட்டுல எழுதினியே, அது. தெனம் ஒரு தடவ என்னப் படிக்கச் சொல்லுவா. பையன் பத்திரமா இருக்கான், பத்திரமா இருக்கான்னு சொல்லிக்கிட்டே இருப்பா."

நினியன் கரண்டியைக் கீழே வைத்தான். என்னவோ ஒன்று அவன் ஞாபகத்தில் இடறியது. ஆனால் அது என்னவென்று பிடிபடவில்லை.

மறுநாள் பீக்கின் அறையில் நினியன், கெசையா, டோர்கஸ் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டோர்கஸ் நாடாவை அவிழ்த்து ஏழு கடிதங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். பீக் ஒவ்வொன்றாகப் படித்தார். முதல் மூன்றில் பயணம், காய்ச்சல், செருப்பு இல்லை. நான்காவது ஆகஸ்ட் மாதத்தது. அதைப் படித்ததும் பீக் முதலிலிருந்து மறுபடி படித்தார். பிறகு அதை நினியனிடம் நீட்டினார்.

'அன்புள்ள அம்மாவுக்கு. விதைக்கப் போனவர்களையெல்லாம் கொல்கிறார்களாம், நீயும் விதைக்கப் போனாயா, உண்மையைச் சொல் என்று கேட்டிருக்கிறாய். கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், நான் மெக்ரே கோட்டைக்குள் பத்திரமாக இருக்கிறேன். ஏப்ரல் முதல் வாசலைத் தாண்டவில்லை. இந்த வருடம் நான் ஒரு மணிகூட விதைக்கவில்லை, விதைக்கவும் மாட்டேன். நிலம் எங்கும் ஓடிவிடாது. எலைஷாவும் நலம். நீ நிம்மதியாகத் தூங்கு.'

மடிப்பின் பின்பக்கம் அம்மாவின் கையெழுத்து: 'செப்டம்பர் 30 அன்று வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவன் வெளியே போகவில்லை.'

நினியனுக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. எலைஷாவைப் புதைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. உப்பு வாங்கக் கோட்டைக்கு ஒரு நாள் போனான். அம்மாவின் கடிதம் அங்கே காத்திருந்தது. கிழக்கே கிளம்புகிறவன் குதிரைமேல் ஏறி உட்கார்ந்து, சீக்கிரம் சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருந்தான். எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று மாலைக்குள் சோளத்துக்குத் திரும்பிவிட்டான்.

"மத்த மூணு?" என்று கேட்டான்.

"டிசம்பர் கடிதத்துல 'இங்கே சோளம் நல்ல ருசி'ன்னு ஒரு வரி இருக்கு. யாரோட சோளம்னு இல்ல." பீக்கின் குரல் இறங்கியிருந்தது. "அவ்வளவுதான்."

கெசையாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் முகம் படிக்கத் தெரியும். "எது கெட்டது?" என்று கேட்டாள். பீக் சொன்னார். அவள் எழுந்து அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அடுப்பு எரியுதில்ல? இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?"

"ஏழுன்னு எழுதிக் கொடுத்துட்டேம்மா," என்றார் பீக். "ஆறு வந்தா ஏழாவது எங்கன்னு கேப்பாங்க. இவங்களக் கூண்டுல ஏத்தி, பைபிள்மேல கை வைக்கச் சொல்லி, ஏழாவதுல என்ன இருந்துதுன்னு கேப்பாங்க."

எல்லோரும் டோர்கஸைப் பார்த்தார்கள். அவள் இன்னும் புரியாமல் உட்கார்ந்திருந்தாள். "நீ அந்த வருஷம் இந்த ஊர்ல இருந்தேன்னு காட்டணும்னுதான நெனச்சேன்," என்றாள். "அதனாலதான்... தேதி போட்டிருக்கு, கோட்டை பேரு போட்டிருக்கு. இத விட நல்ல கடிதம் எதுன்னு நெனச்சேன். நினியன், நீ விதைச்சியா? வெளியிலதான் இருந்தியா?"

"ஆமாக்கா."

"எலைஷா?"

"அப்பவே செத்துட்டான்."

டோர்கஸ் அவிழ்த்த நாடாவை விரலில் சுற்றினாள். அப்புறம் கெசையாவிடம், "என்னக் கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேம்மா," என்றாள், மன்னிப்புக் கேட்பதுபோல. "எனக்கு வராது. சொல்லணும்னு நெனச்சாலும் வராது."

"உங்கள யாரு இங்க வரச் சொன்னா?" என்றாள் கெசையா. கோர்ட்டையும் சட்டத்தையும் அம்மாவையும் எல்லாம் சேர்த்துத்தான் அவள் அதைச் சொன்னாள். நினியன் அவள் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கி, மற்ற ஆறோடும் சேர்த்து வைத்தான்.

"நிலத்துக்காக எங்கக்காவ நரகத்துக்கு அனுப்ப முடியாது," என்றான். "விடு."

கோர்ட்டு நாளில் ஊர் நிறைந்திருந்தது. குதிரை மாற்றுகிறவர்கள், விஸ்கி விற்கிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள். ஜூரியில் இருந்த பன்னிரண்டு பேரில் ஏழு பேரை நினியனுக்குத் தெரியும். இரண்டு பேருக்கு வீடு கட்ட அவன் கட்டை சுமந்திருக்கிறான். அவர்களில் ஒருவன் போகிறபோக்கில், "பயப்படாத நினியன், ரிச்மண்டுக்காரனுக்கு நாங்க ஒரு முளைக்குச்சி கூட விட்டுத்தர மாட்டோம்," என்றான்.

பீக் தம்மால் முடிந்ததைச் செய்தார். மரத்துண்டைக் காட்டினார், வளையங்களைக் காட்டினார், சான்றிதழைக் காட்டினார். பிறகு கர்னலின் வக்கீல் எழுந்து, தாக்கல் செய்வதாகச் சொன்ன ஏழு கடிதங்களில் நான்காவதைப் படிக்க அனுமதி கேட்டார். அவர் சத்தம் போடவில்லை. ஒரு பிள்ளை தன் தாய்க்கு எழுதியதை எப்படிப் படிக்க வேண்டுமோ அப்படிப் படித்தார். 'ஒரு மணிகூட விதைக்கவில்லை' என்ற இடத்தில் சற்று நிறுத்தினார். எங்கோ வெளியே ஒரு குதிரை கனைத்தது.

"நாங்க இத தேடிப் போகல," என்றார். "அவங்களே எங்க கையில கொடுத்தது. எழுபத்தேழுல சட்டம் கிடையாது. பொய் சொல்லி அவனுக்கு ஒரு லாபமும் கிடையாது. தன்னப் பெத்தவளுக்கு, கடவுள் சாட்சியான்னு எழுதறான். ரெண்டு வருஷம் கழிச்சு, நானூறு ஏக்கர் கண்ணு முன்னால இருக்கறப்ப, கமிஷன்காரங்ககிட்ட வேற மாதிரி சொல்றான். ரெண்டுல எது பொய்? நீங்களே சொல்லுங்க."

பீக் சொல்ல நினைத்திருந்த வாதம் அது. அதே வார்த்தைகள், எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தன.

டோர்கஸைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"இது உங்க தம்பி கையெழுத்தா?"

"ஆமா. ஆனா அவன் அத எங்கம்மா பயப்படக்கூடாதுன்னுதான்..."

"அப்படின்னு அவர் அப்ப உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்ல."

"இந்தக் கடிதம் வந்தப்ப, இதுல இருக்கறது உண்மைன்னு நம்பினீங்களா?"

அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். நினியனைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றுவிட்டான், தனக்கே தெரியாமல். நீதிபதி அவனை உட்காரச் சொன்னார். அவன் வாயைத் திறந்தான். வாயை மூடு, உனக்கு இங்கே பேச்சு இல்லை என்று ஷெரீஃப் தோளை அழுத்தி உட்கார வைத்தார். ஆறடி தூரத்தில் ஜூரி. அந்த வருடம் எந்தக் குழியில் எத்தனை மணி போட்டான் என்றுகூட அவனால் சொல்ல முடியும்.

"நம்பினேன்," என்றாள் டோர்கஸ். "எங்கம்மாவும் நம்பினா. நம்பித்தான் கண்ண மூடினா."

"உங்க தம்பி அம்மாகிட்ட பொய் சொல்ற பழக்கம் உள்ளவரா?"

"இல்ல! ஒரு நாளும் இல்ல!" அவள் கோபமாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது.

ஜூரி வெளியே போய், ஒரு குழாய்ப் புகையிலை தீர்வதற்குள் திரும்பி வந்தது. தீர்ப்பைச் சொல்லும்போது அந்த ஏழு பேரில் ஒருவரும் நினியனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. கடிதம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு டோர்கஸ் குமாஸ்தாவின் மேசைக்குப் போனாள். அவர் ஏழு கடிதங்களையும் வழக்குத் தாள்களோடு சேர்த்து ஓரத்தில் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அது எங்கம்மாவோடது. வேலை முடிஞ்சுதுல்ல, கொடுத்துடுங்க."

"கோர்ட்டுல தாக்கல் ஆயிடுச்சும்மா. இனிமே இது நிலப் பதிவு. வெளிய போகாது."

"நிலமா? அதுல நிலமே இல்லையேப்பா. செருப்பு இல்லன்னு எழுதியிருக்கான், காய்ச்சல்னு எழுதியிருக்கான்..."

"வேணும்னா நகல் எடுத்துத் தர்றேன்."

அவள் நகல் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து வந்த சரக்குக்காரர்களோடு ஊர் திரும்பினாள். கிளம்பும்போது கெசையா அவளுக்கு வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள்.  டோர்கஸ் குதிரைமேல் ஏறிய பிறகு தம்பியிடம் குனிந்து, "அம்மாகிட்ட உண்மைய எழுதியிருக்கலாம் நீ," என்றாள். பிறகு உடனே, "இல்ல. எழுதாதது நல்லது," என்றாள். பிறகு, "எனக்குத் தெரியலடா," என்றாள். சரக்குக்காரன் சவுக்கைச் சொடுக்கினான். அதன்பின் அவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை.

அக்டோபர் கடைசியில் விட்லாக் வந்தான். இந்த முறை தொப்பியைக் கழற்றினான். கர்னல் யாரையும் துரத்த விரும்பவில்லை. நிலம் தரிசாகக் கிடந்தால் அவருக்கும் நஷ்டம். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு லஸ்க் குடும்பம் குத்தகைக்கு இருக்கலாம் என்றான்.

அவன் போனதும் நினியன், "மேற்க போயிடலாம் கெசையா. மூத்தவ வீட்டுப் பக்கம். அங்க காடு இருக்கு," என்றான்.

"காடு இருக்கு. வெட்ட யாரு இருக்கா? ஐம்பது வயசுல உனக்குத் தோள் இருக்கா?" அவள் ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்தாள். "அந்த மூணையும் கர்னலுக்குக் கொடுத்துட்டு நான் வர மாட்டேன். இருப்போம். எவன் நெலமா இருந்தா என்ன, இருப்போம்."

நவம்பர் இரண்டாம் வாரம் குமாஸ்தாவின் அறையில் விட்லாக் குத்தகைப் பத்திரத்தைப் படித்தான். எல்லைகள் வந்தன: ஓடை வளைவிலிருந்து பீச் மரம்வரை, பீச் மரத்திலிருந்து இரட்டை வால்நட்வரை. நினியனின் பட்டாவில் இருந்த அதே மரங்கள், அதே வரிசையில். பிறகு இப்படி ஒரு வரி: 'மேற்படி நினியன் லஸ்க் இன்றைய தேதியில் கர்னல் அவர்களின் அனுமதியோடு முதன்முதலாக இந்நிலத்தில் நுழைகிறார். இதற்கு முன் இந்நிலத்தில் தமக்குக் குடியிருப்போ விளைச்சலோ இருந்ததில்லை என ஒப்புக்கொள்கிறார்.'

"இந்த வரி எதுக்கு?" என்றான் நினியன்.

"எல்லாக் குத்தகைக்காரங்களுக்கும் இதேதான். பின்னால வழக்கு வரக்கூடாதுல்ல."

"இருபத்து நாலு வருஷமா இருக்கேன்யா. ரெண்டு வருஷம் முன்னால நீ என் வீட்டு வேலியில குதிரைய கட்டின."

"எனக்குத் தெரியாதா மிஸ்டர் லஸ்க்? ஊருக்கே தெரியும்." விட்லாக் கெட்டவனில்லை; சங்கடத்தோடு மைக்கூட்டை நகர்த்தி வைத்தான். "காகிதத்துக்குத் தெரியக்கூடாது. அவ்வளவுதான்."

சாட்சிக் கையெழுத்துப் போட வந்த இருவரும் காத்திருந்தார்கள். கெசையா வாசலில் நின்றுகொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை. நினியன் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டான். பெரிய பெரிய எழுத்துகள், கடைசி எழுத்தில் ஒரு சுழி. குமாஸ்தா அதை ஊதிக் காயவைத்துவிட்டு, பதிவுப் புத்தகத்தைத் திறந்து, அந்த வரியையும் சேர்த்து முழுவதையும் நிதானமாக நகலெடுக்கத் தொடங்கினார்.

அவர்கள் வீடு வந்தபோது மதியமாகியிருந்தது. ஒடித்துப் போட்ட கதிர்கள் களத்தில் குவிந்து கிடந்தன. மழைக்கு முன் உரித்துக் கொட்டாரத்தில் அடைக்க வேண்டும். இருவரும் குவியலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். கெசையா முதல் கதிரின் மட்டையைக் கிழித்து, தண்டை முறித்து, கையில் வைத்தபடி அவனைப் பார்த்தாள்.

"அவங்க பங்க எந்தப் பக்கம் போடறது?"

"எந்தப் பக்கமாவது போடு," என்றான் நினியன்.